முப்பது நாள் வாடகையும் நான்கு ஞாயிறும்

தமிழ்மொழிக் கழக மலருக்கு வீடியோ கேம் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் ஆசிரியர் குழுவில் உள்ள தோழி சிரித்துவிட்டாள். "பாரதியைப் பற்றி எழுது, தமிழ்ப்பள்ளியைப் பற்றி எழுது, ஒன்றும் தோன்றாவிட்டால் காதலைப் பற்றியாவது எழுது" என்றாள். அந்த மூன்றைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் வாடகை. கூலாயில் ஒரு வாடகை வீட்டில் வளர்ந்தவள் நான். தமிழ்ப்பள்ளிக்குப் போனதும் அந்த வீட்டிலிருந்துதான், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அந்த வீட்டிலிருந்துதான். மாதம் பிறந்தால் ஏழாம் தேதிக்குள் வாடகை கட்டவேண்டும். குழாய் உடைந்தால் யார் செலவு, கூரை ஒழுகினால் யார் செலவு, வாடகைக்கு விடுகிறவர் எதற்குப் பணம் கேட்கலாம், எதற்குக் கேட்கக்கூடாது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் அன்றாடச் சமையலறைப் பேச்சு.

அந்தக் கண்ணோடுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். இணையத்தின் வழி வீடியோ கேம்களை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் வாங்கும் விலை, விளையாடுகிறவர்களுக்கு நியாயமானதா?

முன்னாள் மாணவர்களும் படிக்கும் மலர் என்பதால் சுருக்கமாக விளக்கிவிடுகிறேன். சாதாரணமாக ஒரு கேமை வாங்கினால் அது வட்டாகவோ பதிவிறக்கமாகவோ நம் கைக்கு வரும். நம் கணினி அதை ஓட்டும். நல்ல கேம் ஓட நல்ல கணினி வேண்டும். அதற்கு மூவாயிரம் நாலாயிரம் வெள்ளி வேண்டும். ஸ்ட்ரீமிங் முறையில் கேம் எங்கோ ஒரு தரவு மையத்தில் உள்ள இயந்திரத்தில் ஓடுகிறது. அதன் படம் மட்டும் நம் திரைக்கு வருகிறது. நாம் அழுத்தும் பொத்தானின் செய்தி இங்கிருந்து அங்கே போகிறது. பாட வேலைக்கு வாங்கிய பழைய மடிக்கணினியே இதற்குப் போதும். "விலையுயர்ந்த கருவி வேண்டாம், மாதம் கொஞ்சம் பணம் கட்டினால் போதும்" என்பதுதான் விளம்பரம். ஆகக் கருவி வாங்க வசதியில்லாதவர்களைப் பார்த்துத்தான் இதை விற்கிறார்கள். விலை நியாயமா என்பதையும் அவர்கள் பக்கம் நின்று பார்ப்பதுதான் முறை.

இந்த வாடகைக்கு உலகம் முதன்முதலாகப் பெரிய அளவில் சண்டை போட்டது சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் நவ் வந்தபோது. 2014 ஜூலை 31 அன்று அமெரிக்காவில் அதன் பொதுச் சோதனை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட கேம்கள். ஒவ்வொன்றையும் 4 மணி நேரம், 7 நாள், 30 நாள், 90 நாள் என்று வாடகைக்கு எடுக்கலாம். விலை 2.99 டாலரிலிருந்து 19.99 டாலர் வரை. பழைய பிளேஸ்டேஷன் 3 கேம்களுக்கு இந்த விலையா, கடையில் பழைய வட்டையே வாங்கிவிடலாமே என்று விளையாட்டாளர்கள் கொதித்தார்கள். வட்டை வாங்கினால் என்றைக்கும் நம்முடையது, விளையாடி முடித்து விற்றும் விடலாம். 2015 ஜனவரியில் மாதம் 19.99 டாலர் என்ற சந்தா வந்தது. 2019 அக்டோபரில் அதே சந்தா 9.99 டாலருக்கு இறங்கியது. அடுத்த மாதம் கூகுளின் ஸ்டேடியா சந்தைக்கு வரவிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போட்டி வாசலுக்கு வந்ததும் பாதியாக இறங்கக்கூடிய விலை, அதற்கு முன் எந்தக் கணக்கில் நின்றது என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? 2022-இல் பிளேஸ்டேஷன் நவ் தனிச் சேவையாக இல்லாமல் பிளேஸ்டேஷன் பிளஸ்ஸோடு இணைக்கப்பட்டது.

அந்தச் சண்டையில் எல்லாரும் பேசியது தொகையைப் பற்றி. எனக்கு உறுத்துவது அளவுகோல். 7 நாள், 30 நாள், 90 நாள் என்பவை நாட்காட்டியின் அளவு. நாம் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் நாட்காட்டி கிழிந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கள் தாமானில் ஒரு சைபர் கஃபே இருந்தது. நடத்தியவர் ஒரு சீனப் பெரியவர். எல்லாருக்கும் அவர் அங்கிள்தான். மணிக்கு 2 வெள்ளி 50 சென். கணினி அவருடையது, இணையம் அவருடையது, மின்சாரம் அவருடையது, குளிர்சாதனமும் அவருடையது (பாதி நாள் வேலை செய்யாது, அது வேறு கதை). பள்ளிச் சீருடையோடு போனால் உள்ளே விடமாட்டார். மழைக்காலத்தில் திடீரென்று மின்சாரம் போகும். பையன்கள் கத்துவார்கள். அங்கிள் அசையாமல் "தாக் அப்பா, நந்தி அங்கிள் தம்பா" என்று சொல்லிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து 555 குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொருவர் பெயரையும் மீதி நிமிடத்தையும் எழுதுவார். ஒருமுறை எனக்கு 35 நிமிடம் மீதி இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் போனபோது நான் மறந்துவிட்டிருந்தேன், அவர் மறக்கவில்லை. விளையாட முடியாத நேரத்துக்கு அவர் ஒருநாளும் காசு வாங்கியதில்லை. அது தர்மம் என்றெல்லாம் அவர் நினைத்திருக்கமாட்டார். வாடகைக் கடை என்றால் அப்படித்தான் என்று இருந்தது.

அந்தக் கடையில் எனக்கு இன்னொரு சிக்கல். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்னா வேல?" என்பார் அம்மா. என்னைவிட நாலு வயது மூத்த அண்ணன் கூட வந்தால்தான் போகலாம். அண்ணன் வேலைக்குப் போனதும் என் சைபர் கஃபே காலமும் முடிந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நான் அப்போது படிவம் நான்கு. அங்கிள் கடை மூடியது மூடியதுதான். இப்போது அந்த இடத்தில் சுயசேவை டோபி இருக்கிறது. என்னைப் போன்ற பெண்களுக்கு ஸ்ட்ரீமிங் ஒரு நல்ல கதவைத் திறந்தது என்பதை மறுக்கவே மாட்டேன். வீட்டுக் கூடத்தில், அம்மா சீரியல் பார்க்கும் அதே சோபாவில் உட்கார்ந்து, யாருடைய பார்வைக்கும் கூசாமல் விளையாட முடிந்தது. அதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்கவும் மனம் இருக்கிறது.

அந்த ஆணை வந்தபோது அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். பாலம் மூடப்பட்டது, தினமும் போய் வந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரைப் போல அவனும் அந்தப் பக்கமே தங்கவேண்டியதாயிற்று. பல மாதம் வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசியில் "சாப்டியா?" "சாப்டேன்" என்பதற்கு மேல் அவனிடம் பேச்சு வராது. ஆனால் இருவரும் ஒரே கேமில் நுழைந்துவிட்டால் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே விளையாடுவோம். மேலாளர் திட்டியது, அறையில் மூட்டைப்பூச்சி, அப்பாவின் இரத்த அழுத்தம், எல்லாம் அந்தச் சண்டைக்கு நடுவில்தான் வெளியே வரும். பாலம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஆகவே எங்களுக்கு இது வெட்டிப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அண்ணன் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புவான். சாப்பிட்டதும் தூக்கம். ஞாயிறு மட்டும் ஓய்வு. நாங்கள் எடுத்திருந்த ஒரு சேவைக்கு (பெயர் வேண்டாம், இந்தத் தொழிலில் பலரும் இப்படித்தான்) மாதம் 45 வெள்ளி. அவன் விளையாடுவது நான்கு ஞாயிறு, ஞாயிறுக்கு மூன்று மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம். மணிக்கு 3 வெள்ளி 75 சென் ஆகிறது. ஒரு மாதம் எங்கள் பகுதியில் இணையக் கம்பி பழுதாகி ஒரு ஞாயிறு முழுவதும் போனது. 9 மணி நேரத்துக்கு 45 வெள்ளி என்றால் மணிக்கு 5 வெள்ளி. அங்கிள் கடையைப்போல இரண்டு மடங்கு. அதுவும் எங்கள் வீட்டு மின்சாரம், எங்கள் வீட்டு இணையம், எங்கள் வீட்டுத் திரை! இழந்த ஞாயிறைக் கணக்கில் சேர்க்கமுடியுமா என்று எழுதிக் கேட்டேன். சந்தா நாட்காட்டி மாதத்துக்கானது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

இதே சேவையை எஸ்பிஎம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பையன் எடுக்கிறான் என்று வையுங்கள். தினமும் நாலு மணி நேரம், மாதத்துக்கு 120 மணி. அவனுக்கு மணிக்கு 38 சென்கூட ஆகாது. அவன்மேல் எனக்குப் பொறாமை இல்லை, நன்றாக விளையாடட்டும். ஆனால் ஒரே பொருளுக்கு, நேரம் நிறைய உள்ளவனைவிட நாளெல்லாம் உழைக்கிறவன் பத்து மடங்கு கொடுக்கிறான். அப்படி ஒரு விலைப்பட்டியலைக் கடையின் வாசலில் எழுதி மாட்டினால் யாராவது உள்ளே போவார்களா? மாதச் சந்தா என்ற பெயரில் அது மறைந்து நிற்கிறது.

நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லவேண்டும். சினிமா ஸ்ட்ரீமிங் போல இது மலிவான வேலை அன்று. ஒரு படத்தை ஒருமுறை சேமித்து வைத்தால் லட்சம் பேருக்கு அனுப்பலாம். கேம் அப்படி இல்லை. நான் விளையாடும் வரை தரவு மையத்தில் ஒரு கிராஃபிக்ஸ் அட்டையோ அதில் ஒரு பங்கோ எனக்காகவே வேலை செய்கிறது. அதே நேரத்தில் அதை வேறொருவருக்குக் கொடுக்கமுடியாது. மின்சாரம் எரிகிறது, குளிரூட்டி ஓடுகிறது. எல்லாரும் வருவதும் இரவு எட்டு மணிக்கு மேல்தான். அந்த நெரிசல் நேரத்துக்குப் போதுமான இயந்திரங்களை வாங்கி வைத்துவிட்டுக் காலையில் சும்மா போட்டு வைக்கவேண்டியதுதான். மேலும் இயந்திரம் நமக்கு அருகில் இருக்கவேண்டும். தொலைவு கூடக் கூட, பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையே தாமதம் கூடும். ஆகவே சென் கணக்கில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பது நியாயமாகாது.

ஆனால் இந்த வாதத்தை நன்றாகக் கவனியுங்கள். நிறுவனத்தின் பெருஞ்செலவு நாம் விளையாடும் மணிகளோடு சேர்ந்துதான் ஏறுகிறது. அப்படியென்றால் விலையும் மணிக்கணக்கில் இருப்பதுதானே பொருத்தம்? இதற்கு ஒரு சாட்சி உண்டு. என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ் நவ் சேவை, 2024 நவம்பரில் ஒரு மாற்றத்தை அறிவித்தது. கட்டணம் கட்டுகிறவர்களுக்கு மாதம் 100 மணி நேரம் என்ற வரம்பு; புதியவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து, பழையவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து. பயன்படுத்தாத நேரத்தில் 15 மணி வரை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாம். வரம்பைத் தாண்டினால், 9.99 டாலர் சந்தாக்காரர்கள் 2.99 டாலருக்கு மேலும் 15 மணி நேரம் வாங்கலாம். விளையாட்டாளர்கள் வழக்கம்போல் கொதித்தார்கள். என் நண்பர்களும் திட்டினார்கள். எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது! ஏனென்றால் ஒரு மணி நேரத்தின் விலையை நிறுவனமே வாய்விட்டுச் சொல்லிவிட்டது. 2.99 டாலரை 15-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20 அமெரிக்க சென். டாலருக்கு 4 வெள்ளி என்றே வைத்துக்கொண்டால் 80 சென். இந்தக் கணக்கில் அண்ணனின் 12 மணி நேரத்துக்கு 10 வெள்ளிகூட ஆகாது.

ஒப்பீடு முழுக்கச் சரியானது இல்லை என்று எனக்குத் தெரியும். ஜிஃபோர்ஸ் நவ் இயந்திரத்தை மட்டும் வாடகைக்கு விடுகிறது. கேமை நாம் ஸ்டீம் போன்ற கடைகளில் தனியே வாங்கிக்கொள்ளவேண்டும். நாங்கள் எடுத்த சேவை இயந்திரத்தோடு நூற்றுக்கணக்கான கேம்களையும் சேர்த்துக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான கேம் என்பது அலமாரியில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஞாயிறு மூன்று மணி நேரம் உள்ளவனுக்கு அதில் எத்தனை உதவும்? "விட்சர் 3" என்ற கேமின் முக்கியக் கதையை முடிக்கவே ஏறத்தாழ 50 மணி நேரம் பிடிக்கும். அண்ணனின் வேகத்தில் நாலு மாதத்துக்கு மேல். 180 வெள்ளியைத் தாண்டி வாடகை கட்டி அவன் தொட்டது ஒரே ஒரு கேம். தள்ளுபடிக் காலத்தில் அதை ஒரு மாத வாடகையைவிடக் குறைவாக வாங்கிவிடலாம். கேமும் இயந்திரமும் பிரிந்திருக்கும் முறைதான் எங்களைப் போன்றோருக்கு நல்லது என்பது என் முடிவு. இயந்திர வாடகையை நிறுத்தினாலும் கேம் நம் கணக்கில் இருக்கும். ஸ்டீம் கடை நம் வெள்ளியிலேயே விலை போடுகிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்ற விதியும் 2015-இலிருந்து இருக்கிறது. அங்கே நாட்காட்டியும் பார்க்கிறார்கள், விளையாடிய மணியும் பார்க்கிறார்கள். இரண்டையும் பார்க்கத் தொழில்நுட்பம் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அண்ணனுக்குக் குறைவு நேரம். இந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குக் குறைவு பணம். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியானது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று பிரித்தால் மணிக்கு 8 வெள்ளி 17 சென். அமெரிக்காவில் கூட்டரசின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டாலர், பல மாநிலங்களில் அதைவிட அதிகம். 19.99 டாலர் சந்தாவை அங்கே மிகக் குறைந்த கூலிக்காரர் மூன்று மணி நேரத்துக்குள் சம்பாதித்துவிடுவார். அதை அப்படியே வெள்ளிக்கு மாற்றினால் இங்கே ஏறத்தாழ பத்து மணி நேர உழைப்பு. அதாவது ஒரு முழு நாளும் இன்னும் கொஞ்சமும். இதற்கு மேல் சேவை வரி. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் 6 விழுக்காட்டில் தொடங்கி, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. வரியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டாலரை வெறுமனே வெள்ளியாக மாற்றி விலை போடும் எந்த நிறுவனமும் "எல்லாருக்கும் ஒரே விலை" என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. நாட்டுக்கு நாடு விலையை மாற்றிப் போடும் நிறுவனங்களும் இருக்கவே இருக்கின்றன. அமெரிக்காவிலும் விலை சும்மா நிற்பதில்லை. 2025 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலருக்கு ஒரே தாவலில் போனது.

இன்னொரு வேடிக்கை. 2022 மே 24 அன்று புதிய பிளேஸ்டேஷன் பிளஸ் மலேசியாவுக்கு வந்தபோது, மற்ற நாடுகளில் உள்ள பிரீமியம் என்ற மேல்தட்டுக்குப் பதில் நமக்கு டிலக்ஸ் என்ற தட்டுக் கிடைத்தது. அதில் பழைய கேம்களைப் பதிவிறக்கலாம்; ஸ்ட்ரீமிங் மட்டும் கிடையாது. விலையும் அதற்கேற்பக் குறைவுதான், அதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் கருவி வாங்க முடியாதவர்களுக்கு உதவக்கூடிய அந்த ஒரு பகுதிதான் இங்கே விடுபட்டது. கூலாயிலிருந்து ஸ்கூடாய்க்குப் பேருந்தில் வரும்போது இதை நினைத்துக்கொள்வேன். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின. இப்போது கூலாய் வட்டாரத்தில் செடெனாக் பக்கமும், ஒய்டிஎல் நிறுவனத்தின் 500 மெகாவாட் பசுமைத் தரவு மையப் பூங்காவிலும் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் அந்த ஒய்டிஎல்லும் என்விடியாவும் செயற்கை நுண்ணறிவுக்காகக் கைகோத்தன. கேம் ஓட்டுவதற்குத் தேவையான அட்டைகளின் உறவுக்கார அட்டைகள் என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஓடுகின்றன. அவை வேறு வேலைக்கானவை, தெரியும். இருந்தாலும், தூரம்தான் தடை என்று இனி நம்மிடம் சொல்வது கொஞ்சம் கடினம்.

வட்டு இருந்த காலத்தில் இவ்வளவு பேச்சு இல்லை என்று நினைக்காதீர்கள். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் போன்ற கடைகள் கேம் பேழைகளை வாடகைக்கு விட்டன. நிண்டெண்டோவுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு வாடகையிலும் தனக்கு ஒரு காசும் வராதே! 1989-இல் வழக்குத் தொடுத்தது. வாடகையைத் தடுக்க அன்று சட்டம் இடம் கொடுக்காததால், விளக்கக் கையேடுகளை நகல் எடுத்துக் கொடுத்தார்கள் என்று குற்றம் சாட்டியது. 1990-இல் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதை அமெரிக்கச் சட்டம் தடுத்தபோதும் வீட்டுக் கேம் கருவிகளின் பேழைகளுக்கு விலக்குக் கொடுத்தது. அன்று தயாரிப்பாளர் ஒருவர், வாடகைக் கடைக்காரர் வேறொருவர். பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை ஒரு டாலர் குறைத்தால் இவரும் குறைக்கவேண்டும். ஸ்ட்ரீமிங் வந்தபின் நடுவில் இருந்த அந்தக் கடைக்காரர் காணாமல் போனார். தயாரிப்பாளரே தன் கேமுக்கு வாடகைக் கடை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவும் இல்லை.

கடையை மூடும் உரிமையும் அவர்களிடமே. 2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆன்லைவ், 3 நாள், 5 நாள் வாடகையோடு "முழு அனுமதி" என்ற பெயரில் கேம்களை விற்றது. 2015 ஏப்ரல் 30 அன்று கடையை மூடியது. முழு அனுமதி வாங்கியவர்களும் வெளியே நின்றார்கள். 2023 ஜனவரி 18 அன்று ஸ்டேடியா மூடப்பட்டபோது கூகுள் தன் கடைகளில் விற்ற கருவிகளுக்கும் கேம்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அது பாராட்டவேண்டிய செயல். ஆனால் அதற்குத் தேவையான பணப்பை எல்லா நிறுவனத்துக்கும் இருக்காது.

சரி, என்னதான் கேட்கிறாய் என்று தோழி மறுபடியும் கேட்டாள். மணிக்கணக்கில் வாங்கும் வழி ஒன்று மாதச் சந்தாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தினமும் விளையாடுகிறவர் சந்தா எடுக்கட்டும், ஞாயிறு மட்டும் விளையாடுகிறவர் மணி வாங்கட்டும். மீதமான மணி உடனே செத்துப்போகக்கூடாது. இணைப்பு இல்லாத நாள் கணக்கில் சேரக்கூடாது. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்பதெல்லாம் அவர்களின் கணினியில் விநாடி தவறாமல் பதிவாகிறது, 555 புத்தகம்கூடத் தேவையில்லை. விலையை இந்நாட்டுச் சம்பளத்தைப் பார்த்துப் போடட்டும். தானாகப் புதுப்பிக்கும் முறையை, கேட்டால் மட்டும் செயல்படுத்தட்டும். பல ஆண்டாகக் கைப்பேசிக்கு முன்கட்டண அட்டை வாங்கிப் பழகிய நாட்டில் இதெல்லாம் புதுமையே இல்லை.

"அந்த 45 வெள்ளி இல்லாம நீங்க பட்டினியா கெடக்கப் போறீங்களா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். இல்லைதான். ஆனால் வீட்டுக்காரர் வாடகையில் 20 வெள்ளி ஏற்றியபோது முதலில் எழுந்து நின்று காரணம் கேட்டவரும் அம்மாதான்.

அண்ணனுக்கு இந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு வாரம் விடுப்புக் கிடைக்கும் போலிருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா எடுப்பது, பாதிப் பணம் அவன், பாதி நான் என்று பேசி வைத்திருக்கிறோம். என் தேர்வு அட்டவணை வந்தபிறகுதான் எந்தத் தேதியில் தொடங்குவது என்று முடிவு செய்யவேண்டும். "பாப்பா, காசு கட்டின அன்னிக்கே அந்த ஆட்டோ ரினியூவல நிப்பாட்டிடு" என்று இப்போதே இரண்டு முறை சொல்லிவிட்டான்.